ஆய்வக மென்பொருளில் மின்னணுக் கையொப்பம்: பொறுப்பும் பாதுகாப்பும்

மருந்தின் ஒரு தொகுதி சந்தைக்குச் செல்லலாமா என்னும் முடிவு, ஆய்வகச் சோதனை அறிக்கையின் கீழ் இடப்படும் கையொப்பத்தைப் பெரிதும் சார்ந்துள்ளது. அக்கையொப்பம் தாளிலிருந்து கணினிக்கு மாறியபோது அதன் நம்பகத்தன்மையை வரையறுக்க, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997இல் கூட்டாட்சி விதித்தொகுப்பின் 21ஆம் தலைப்பில் 11ஆம் பகுதியை வெளியிட்டது. அந்நாட்டிற்கு மருந்து ஏற்றுமதி செய்யும் இந்திய நிறுவனங்களின் ஆய்வகங்களையும் இவ்விதி கட்டுப்படுத்துகிறது.

கையொப்பமிட்டவரின் பெயர், நாளும் நேரமும், கையொப்பத்தின் பொருள் ஆகியவை திரையிலும் அச்சுப்படியிலும் தெரிய வேண்டும் என்கிறது விதி. இவற்றுள் மூன்றாவதே அதிகம் புறக்கணிக்கப்படுவது. சோதனையைச் செய்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் ஆகியோரின் பொறுப்புகள் வேறுவேறானவை. வெறும் பெயர் அவ்வேறுபாட்டைக் காட்டாது.

கையொப்பத்தை ஒரு பதிவிலிருந்து பெயர்த்து மற்றொன்றில் சேர்க்க இயலாதவாறு பிணைத்திருக்க வேண்டும் என்பது மற்றொரு விதி. இதன் இன்றியமையாமை குரோமட்டோகிராஃபி மென்பொருளில் தெளிவாகப் புலப்படும். முகடுகளின் பரப்பைக் கணக்கிடும் அடிக்கோட்டைச் சற்றே நகர்த்தினாலும், வரம்பை மீறிய மாசுப்பொருள் வரம்பிற்குள் வந்துவிடக்கூடும். ஒப்புதலுக்குப் பின் இவ்வாறு மறுகணக்கீடு செய்யப்படுமாயின், பழைய கையொப்பம் புதிய முடிவின்மீது ஏறிவிடக் கூடாது. பழைய முடிவு தன் கையொப்பத்துடன் அழியாது நிற்க, புதியது கையொப்பமற்ற தனிப் பதிப்பாகத் தோன்றுவதே முறை. மாற்றியவர் யார், எப்போது மாற்றினார் என்பன தணிக்கைத் தடத்தில் பதிவாக வேண்டும். காரணமும் உடனிருத்தல் நன்று.

உயிரியல் அடையாளம் சாராத கையொப்பத்திற்குப் பயனர் பெயர், கடவுச்சொல் போன்ற இரு கூறுகள் தேவை. இடைவிடாத ஒரே அமர்வில் முதற் கையொப்பத்திற்கு இரண்டும் வேண்டும்; அடுத்தடுத்தவற்றிற்கு, உரியவர் மட்டுமே அறிந்த ஒரு கூறு போதும். இச்சலுகை வசதியானது, ஆயினும் திரையைப் பூட்டாமல் எழுந்து செல்லும் வழக்கம் உள்ள ஆய்வகத்தில் இது ஆபத்தானதே.

ஒருவரின் கையொப்பத்தைப் பிறர் பயன்படுத்த வேண்டுமாயின் குறைந்தது இருவர் கூடினாலன்றி இயலாது என்ற நிலையையும் விதி எதிர்பார்க்கிறது. கடவுச்சொல்லை மாற்றித் தரும் கணினி நிர்வாகி தனியாகவே பிறர் பெயரில் கையொப்பமிட முடியும் என்றால் இந்நிபந்தனை தகர்கிறது. எனவே தற்காலிகக் கடவுச்சொல்லை முதல் நுழைவிலேயே பயனர் மாற்றுமாறு மென்பொருள் கட்டாயப்படுத்த வேண்டும்; சோதனை முடிவில் நேரடி நலன் உடையவரிடம் நிர்வாகி அதிகாரம் இருத்தலும் தகாது. பணியிலிருந்து விலகியவரின் கணக்கை முடக்கலாம். ஆனால் அதே அடையாளத்தைப் புதியவருக்கு வழங்குதல் கூடாது. பழைய பதிவுகளில் அப்பெயர் இன்னும் ஒருவரையே சுட்டி நிற்கிறது.