பழைய கேசட்டும் புதிய டி.வி.யும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் எந்த வீட்டை எடுத்துக்கொண்டாலும், பீரோவின் மேல்தட்டிலோ கட்டிலுக்கு அடியில் உள்ள பெட்டியிலோ இரண்டு மூன்று வீடியோ கேசட்டுகள் இல்லாமல் இராது. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பால்காய்ப்பு என்று சீட்டு ஒட்டித் தேதியும் போட்டு வைத்திருப்போம். விடுமுறைக்கு ஊர் போகும்போது அதில் ஒன்றையாவது போட்டுப் பார்க்க ஆசைப்படுவோம். எங்கிருந்தோ ஒரு டெக்கைத் தேடிப் பிடித்துப் புது டி.வி.யில் இணைத்தால் படம் பார்க்கச் சகிக்காது. முகங்கள் அகன்று போயிருக்கும். நிறம் வழியும். அடியில் ஒரு பட்டை நெளியும். "கேசட் கெட்டுப்போச்சு" என்று முடிவு கட்டி, பழைய சாமான் எடுப்பவரிடம் போட்டுவிடுகிறோம்.

அவசரப்பட வேண்டாம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். பல வீடுகளில் கேசட் கெட்டிருக்காது. டி.வி.யின் அமைப்புகள்தான் அந்தக் காலத்துப் படத்துக்குப் பொருந்தாமல் இருக்கும். ரிமோட்டை எடுத்து உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம்.

ஏலப்பாறையில் ஒரு கல்யாணக் கேசட்

நான் பிறந்து வளர்ந்தது இடுக்கி மாவட்டம் ஏலப்பாறையில். குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனை போகும் சாலையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஊர் அது. 1956இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. கொழுந்து கிள்ள வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கேயே தங்கின. எங்கள் குடும்பமும் அதில் ஒன்று.

நான் சிறுவனாக இருந்தபோது லயத்தில் எல்லோர் வீட்டிலும் டி.வி. கிடையாது. ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பினால் தமிழ் தெரியும், அதுவும் மஞ்சு மூடாத நாளாக இருந்தால். திருவிழா வந்தால் டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் ஓட்டுவார்கள். பிறகு கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கும் வழக்கம் வந்தது. தோட்டத்துக் குடும்பங்களில் போட்டோ எடுப்பதே அபூர்வம். வீடியோவில்தான் பெரியவர்கள் நடந்தார்கள், சிரித்தார்கள், பேசினார்கள். 2000ஆம் ஆண்டு வாக்கில் பீர்மேடு பகுதியில் சில தோட்டங்கள் மூடப்பட்டன. பல குடும்பங்கள் பிழைப்புத் தேடி வெளியூர் போயின. அந்த லயத்தையும் அங்கே வாழ்ந்தவர்களையும் இன்று பார்க்க வேண்டுமானால் இந்தக் கேசட்டுகளை விட்டால் வேறு வழியில்லை.

சென்ற விடுமுறையில் ஏலப்பாறைக்குப் போயிருந்தேன். என் சித்தப்பா வீட்டில் அத்தையின் கல்யாணக் கேசட் இருந்தது. 1991இல் எடுத்தது. எங்கள் அப்பத்தா நடமாடும் ஒரே படம் அதுதான். சித்தப்பா மகன் வாங்கியிருந்த 43 அங்குல டி.வி.யில் அதைப் போட்டார்கள்.

"டேப் போயிருச்சுப்பா. அம்மா மூஞ்சி பூசணிக்காய் கணக்கா இருக்கு பாரு. அவங்க ஒட்டின கன்னம்ல?" என்றார் சித்தப்பா. பேரப்பிள்ளைகளோ அப்பத்தாவை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். அவர்கள் மனதில் அந்த அகன்ற முகமே அப்பத்தாவாகப் பதிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. ரிமோட்டை வாங்கி ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். அதே வரிசையில் இங்கே தருகிறேன். மெனுவில் உள்ள பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறும், விஷயம் ஒன்றே.

1. படத்தின் அளவு

பழைய டி.வி.யின் திரை 4:3 அளவு. அகலம் நான்கு பங்கு என்றால் உயரம் மூன்று பங்கு. இன்றைய திரை 16:9. பழைய படத்தை இதில் இழுத்து நிரப்பினால் ஒவ்வொரு முகமும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகன்றுவிடும். அப்பத்தாவின் கன்னம் உப்பியதற்கு இதுதான் காரணம்.

'பிக்சர் சைஸ்' அல்லது 'ஆஸ்பெக்ட் ரேஷியோ' என்ற இடத்துக்குப் போய் 4:3 என்று வையுங்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். "காசு கொடுத்து வாங்கிய திரை வீணாகிறதே" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அவர்களுக்காக 'ஜூம்' வைக்காதீர்கள். ஜூம் வைத்தால் முகம் அகலாது, ஆனால் படத்தின் உயரத்தில் கால் பங்கு வெட்டுப்படும். மேலே நிற்பவர்களின் தலையும், கீழே வீடியோக்காரர் போட்ட பெயரும் தேதியும் போய்விடும்.

2. நிற முறை

இந்தியாவிலும் வளைகுடா நாடுகள் பலவற்றிலும் இருந்தது 'பேல்' முறை. அதில் ஒரு படத்துக்கு 625 வரிகள். அவற்றில் 576 வரிகளில்தான் படம் இருக்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்தது 'என்.டி.எஸ்.சி.' முறை, அதில் 525 வரிகள். அங்கிருந்து உறவினர் அனுப்பிய கேசட், இங்கே கறுப்பு வெள்ளையாகத் தெரியலாம், அல்லது படம் மேலும் கீழும் உருளலாம். 'கலர் சிஸ்டம்' என்ற இடத்தில் 'ஆட்டோ' வைத்துப் பாருங்கள். சரிவராவிட்டால் உரிய முறையை நீங்களே தேர்ந்தெடுங்கள். டெக்கும் அந்த முறையை ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும். வளைகுடாவிலிருந்து நம்மவர்கள் ஊருக்குத் தூக்கிப்போன 'மல்ட்டி சிஸ்டம்' டெக்குகளுக்கு இப்போது மீண்டும் மரியாதை வந்திருப்பது இதனால்தான்.

நம் ஊர்க் கேசட்டே கறுப்பு வெள்ளையாக வந்தால் முதலில் ஒயரைப் பாருங்கள். புது டி.வி.க்கள் பலவற்றில் மஞ்சள் முள்ளுக்கும் பச்சை முள்ளுக்கும் ஒரே துளைதான். டி.வி. 'காம்போனென்ட்' என்ற நிலையில் இருந்தால் நிறம் வராது. 'ஏ.வி.' என்று மாற்றினால் நிறம் வந்துவிடும்.

3. அடியில் நெளியும் பட்டை

பலரைப் பயமுறுத்துவது இதுதான். டெக்கின் உள்ளே சுழலும் உருளையில் உள்ள ஹெட்டுகள் மாறி மாறிப் படிக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடத்தில் படத்தின் அடியில் சில வரிகள் கலைந்திருக்கும். எல்லா வி.எச்.எஸ். கேசட்டிலும் இது உண்டு. பழைய டி.வி.க்கள் படத்தின் ஓரங்களைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்துவிடும், அதனால் நாம் பார்த்ததில்லை. புது டி.வி. ஓரம்வரை காட்டுகிறது. 'ஓவர்ஸ்கேன்' என்ற அமைப்பு இருந்தால் அதை 'ஆன்' செய்யுங்கள். இல்லாவிட்டாலும் கவலையில்லை, கேசட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

படத்தின் நடுவிலேயே பட்டை ஓடினால் அது வேறு. டெக்கில் உள்ள 'டிராக்கிங்' பொத்தானை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள்.

4. ஷார்ப்னெஸ், கலர், பிரைட்னஸ்

வி.எச்.எஸ். கேசட்டில் குறுக்கே பிரித்தறியக்கூடிய நுணுக்கம் ஏறக்குறைய 240 கோடுகள் மட்டுமே. இன்றைய 4கே திரையிலோ குறுக்கே 3840 புள்ளிகள். இல்லாத நுணுக்கத்தை 'ஷார்ப்னெஸ்' கூட்டிக் கொண்டுவர முடியாது. கூட்டினால் முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடும் படம் முழுக்க எறும்பு ஊர்வதும்தான் மிச்சம். அதை நன்றாகக் குறையுங்கள்.

படத்தின் பாணியை 'விவிட்' என்பதிலிருந்து 'சினிமா' அல்லது 'மூவி' என்று மாற்றுங்கள். கல்யாண வீடியோவில் முகத்துக்கு நேரே விளக்குப் பிடித்திருப்பார்கள். அரக்குப் புடவையின் சிவப்பு பக்கத்தில் இருப்பவர் மேலும் வழியும். 'கலர்' அளவைச் சற்றுக் குறைத்தால் அது அடங்கும். பிரைட்னஸை வைக்க ஒரு வழி சொல்கிறேன்: கறுத்த முடியும் அதன் பின்னால் உள்ள நிழலும் வேறு வேறாகத் தெரியும் வரை கூட்டுங்கள். அதற்கு மேல் கூட்டினால் இருட்டு வெளுத்துவிடும்.

5. டி.வி. தானாகச் செய்யும் 'திருத்தங்கள்'

'மோஷன்' என்ற பெயரில் ஓர் அமைப்பு இருக்கும். அசைவுக்கு நடுவே இல்லாத படங்களை டி.வி.யே உண்டாக்கிச் சேர்க்கும். பழைய கேசட்டில் இது கைகால்களைக் குழப்பிவிடும், நிறுத்திவிடுங்கள். 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' கொஞ்சம் இருக்கலாம். அதிகமானால் சுருக்கங்கள் மறைந்து முகம் மெழுகு பொம்மை ஆகிவிடும். வயதானவர்கள் முகத்தில் சுருக்கம் இருந்தால்தானே அவர்கள் அவர்களாக இருப்பார்கள்?

வி.சி.டி. வைத்திருப்பவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். அதில் படம் 352க்கு 288 புள்ளிகள்தான். சதுரம் சதுரமாகத் தெரிவது தட்டில் பதிந்ததே. ஷார்ப்னெஸ் குறைத்துச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து பார்ப்பதே நல்லது.

பிள்ளைகளின் பழைய வீடியோ கேம்

பழைய பெட்டியில் கேசட்டோடு ஒரு வீடியோ கேமும் இருக்கலாம். ஜப்பானில் 1983இல் வந்த நின்டென்டோ பெட்டியின் நகல்கள் பல பெயர்களில் நம் ஊர்க் கடைகளில் விற்றன. இன்று அதை இணைத்தால், "பொத்தானை அமுக்கினால் மாரியோ தாமதமாகக் குதிக்கிறான்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரிதான். பழைய டி.வி. வந்த படத்தை அப்படியே உடனே காட்டியது. புது டி.வி. அதைப் பெரிதாக்கி, மெருகேற்றிக் காட்டுவதற்குள் சில பிரேம்கள் கடந்துவிடுகின்றன. பேல் முறையில் ஒரு நொடிக்கு 50 முறை திரை மாறுகிறது. ஐந்து முறை தாமதித்தாலே ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். பள்ளத்தில் விழ அது போதும். 'கேம் மோடு' என்பதை 'ஆன்' செய்தால் தாமதம் பெருமளவு குறையும். இங்கும் 4:3 வைக்க மறக்க வேண்டாம்.

வாத்து சுடும் ஆட்டத்தின் துப்பாக்கியை மட்டும் எந்த அமைப்பாலும் சரிசெய்ய முடியாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் இருண்டு, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கியின் முனையில் உள்ள கண், அந்தக் கணத்தில் அந்த வெளிச்சத்தைத் தேடுகிறது. புது டி.வி.யில் அந்த வெளிச்சம் தாமதமாக வருவதால் குறி ஒருபோதும் படாது. துப்பாக்கி கெடவில்லை. ஊரில் பழைய குழாய் டி.வி. ஒன்று ஓடும் நிலையில் இருந்தால் அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இதற்கு அதுதான் தேவை.

பிரதி எடுக்கும்போது

டி.வி.யில் அமைப்பு தவறாக இருந்தால் நாளை மாற்றிக்கொள்ளலாம். பிரதி எடுக்கும்போது தவறினால் அது நிலைத்துவிடும். எங்கள் உறவினர் ஒருவர் ஒரு கடையில் கொடுத்துக் கேசட்டைப் பென் டிரைவில் ஏற்றி வாங்கினார். கடைக்காரர் திரை நிரம்பட்டும் என்று 16:9ஆக இழுத்துப் பதிந்துவிட்டார். வேலை முடிந்ததென்று மூலக் கேசட்டையும் வீட்டில் எறிந்துவிட்டார்கள். எந்தக் கணினியில் போட்டாலும் முதலில் வருவது அகன்ற முகமே. கணினி தெரிந்த ஒருவர் அகலத்தைக் குறைத்துக் கொடுத்தாலும், நடுவில் இழந்த தெளிவு திரும்பவில்லை.

ஆகவே கடையில் கொடுக்கும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள். படம் 4:3 அளவிலேயே இருக்க வேண்டும். பேல் கேசட்டை 720க்கு 576 என்ற அளவில் எடுக்க வேண்டும். நிறத்தையும் ஷார்ப்னெஸையும் 'அழகாக்க' வேண்டாம். வீட்டிலேயே எடுப்பவர்கள் ஏ.வி.யை எச்.டி.எம்.ஐ.யாக மாற்றும் சின்னப் பெட்டியை வாங்குவதுண்டு. அவற்றில் பல, படத்தைத் தாமாகவே 16:9ஆக இழுத்து அனுப்பும், கவனம் தேவை.

எங்கள் மலைப்பகுதி போல ஈரம் நிறைந்த இடங்களில் கேசட்டுக்கு வேறோர் எதிரி உண்டு. கேசட்டின் கண்ணாடி வழியே சுருளைப் பாருங்கள். வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் போடாதீர்கள். டெக்கின் ஹெட்டும் கெடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல கேசட்டை முதலில் ஒருமுறை முழுதாக முன்னும் பின்னும் ஓட்டிவிட்டுப் பிறகு போடுங்கள். கேசட்டின் முதுகில் உள்ள சிறு பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால் யாரும் தெரியாமல் மேலே பதிவு செய்ய முடியாது.

ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016இல் வி.எச்.எஸ். டெக் தயாரிப்பதை நிறுத்தியதோடு உலகில் புது டெக் வருவது நின்றுவிட்டது. ஓடும் டெக்குகள் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைகிறார்கள். எனவே அடுத்த விடுமுறையில் ஊர் போகும்போது, முதல் வாரத்திலேயே கேசட்டுகளை எடுத்து வெளியில் வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். பந்தியில் இருப்பவர் யார், மணவறைக்குப் பின்னால் நிற்பவர் யார் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். படத்தை எந்த ரிமோட்டும் சரிசெய்துவிடும். பெயர்களைச் சொல்ல அவர்கள்தான் இருக்கிறார்கள்.