சின்னமுத்து மீண்டும் வந்தது ஏன்? பிள்ளையின் அட்டையை எடுத்துப் பாருங்கள்

வினாயகபுரத்தில் ஆரம்ப வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். தரம் ஒன்றுக்கு வந்த பிள்ளையொன்றின் சுகாதார அட்டையில், மூன்று வயதில் போட வேண்டிய ஊசிக்குரிய கட்டம் வெறுமையாக இருந்தது. "அண்டைக்கு காய்ச்சல் டீச்சர், புறகு போடுவம் எண்டு உட்டுட்டம்" என்றார் தாய். அவர் மடியில் ஐந்து மாதக் குழந்தை.

சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றையும் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசி நம் நாட்டில் 9 மாதத்திலும் 3 வயதிலும் இலவசமாகப் போடப்படுகிறது. இத்தகைய தடுப்பூசித் திட்டத்தின் பலனாகவே 2019 ஜூலையில் சின்னமுத்தை ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. 2020இல் மாலைதீவுடன் சேர்த்து, ருபெல்லாவையும் ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டோம்.

ஆனால் 2023 மே மாதம் கொழும்பில் சின்னமுத்து மீண்டும் தலைகாட்டி, வேறு மாவட்டங்களுக்கும் பரவியது. பாதிக்கப்பட்டவர்களில் முதல் ஊசிக்குரிய வயதையே எட்டாத குழந்தைகளும், 20 வயதைத் தாண்டியவர்களும் இருந்தார்கள். எனவே 2024 ஜனவரி 6ஆம் திகதி, ஆபத்துக் கூடியவையென இனங்காணப்பட்ட 9 சுகாதார மாவட்டங்களில், 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்கு மேலதிக ஊசி போடப்பட்டது. அந்த ஒன்பதில் நமது கல்முனையும் ஒன்று.

சின்னமுத்து வந்தவர் வெளியேறிய பின்னும், அந்த அறையின் காற்றில் கிருமி இரண்டு மணிநேரம் வரை இருக்கும். நூற்றுக்கு 95 பேராவது இரண்டு ஊசியும் பெற்றால்தான் பரவல் நிற்கும். ருபெல்லா பிள்ளைகளுக்குச் சாதாரண காய்ச்சல் போல வந்து போகலாம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தாய்க்குத் தொற்றினால், வயிற்றிலுள்ள சிசுவின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம்.

"ஊசியில் ஜெலட்டின் இருக்காமே?" என்று கேட்பவர்களும் உண்டு. இதே கேள்வி 2018இல் இந்தோனேசியாவில் எழுந்தது. சின்னமுத்து, ருபெல்லா ஊசியின் தயாரிப்பில் பன்றியிலிருந்து பெறப்பட்ட பொருள் பயன்பட்டிருப்பதை அந்நாட்டு உலமா சபை ஏற்றுக்கொண்டது. ஆயினும் ஹலாலான மாற்று ஊசி இல்லாததாலும், போடாவிட்டால் ஏற்படும் ஆபத்தாலும், நிர்ப்பந்த நிலை கருதி அதைப் போடலாம் என்று பத்வா வழங்கியது. ஐயமுள்ளோர் நமது உலமாக்களிடமும் வைத்தியர்களிடமும் கேட்டுத் தெளிவு பெறலாம்.

நான் கண்ட அந்தத் தாய் ஊசியை மறுக்கவில்லை, மறந்துவிட்டார். ஆனால் நோய்க்கு இரண்டும் ஒன்றுதான். மூத்த பிள்ளை பாடசாலையிலிருந்து கொண்டு போகும் கிருமி, வீட்டிலிருக்கும் ஐந்து மாதக் குழந்தையைத்தான் முதலில் தேடும்.

இன்றிரவே பிள்ளைகளின் அட்டைகளை எடுத்துப் பாருங்கள். கட்டம் வெறுமையாக இருந்தால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். தவறிய ஊசியைப் பிந்தியும் போடலாம்.