ஒரே இசை, இரண்டு வயது

மேற்கத்திய செவ்வியல் இசை ரசிகர்கள் இருவர் சந்தித்தால், நலம் விசாரிப்பதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும்: "இப்போது என்ன கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?" பாக் இயற்றிய 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' என்று பதில் சொன்னால் அடுத்த கேள்வி உடனே பாயும்: "க்ளென் கூல்ட் வாசித்ததா? 1955-ஆ, 1981-ஆ?"

1741-இல் அச்சான படைப்பு இது. ஒரு மெட்டு, அதன்மேல் 30 மாறுபாடுகள், முடிவில் மீண்டும் அதே மெட்டு. கனடாக்காரரான கூல்ட் தம் 22-ஆம் வயதில் நியூயார்க்கில் இதைப் பியானோவில் பதிவு செய்தார். 38 நிமிடங்கள், விரல்கள் பறக்கின்றன. அந்த ஒரே இசைத்தட்டு அவரை உலகறியச் செய்தது.

26 ஆண்டுகள் கழித்து அதே ஸ்டூடியோவில் மறுபடி வாசித்தார். இம்முறை 51 நிமிடங்கள். சில பகுதிகளை இரண்டு முறை வாசித்ததும் ஒரு காரணம். பெரிய காரணம் நிதானம். தொடக்க மெட்டைக் கேட்டாலே புரியும். முன்பு இரண்டு நிமிடத்துக்குள் கடந்துபோனது, இப்போது மூன்று நிமிடம் நீள்கிறது. ஒவ்வொரு ஸ்வரமும் அடுத்த ஸ்வரத்துக்கு இடம்விட்டுக் காத்திருக்கிறது. ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டால், பியானோவோடு சேர்ந்து அவர் தன்னை மறந்து முணுமுணுப்பதும் காதில் விழும். அதைக் குறை என்பவர்கள் உண்டு. எனக்கோ அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கும் சுகம்.

இரண்டாவது பதிவு வெளிவந்த அதே 1982-இல், அக்டோபர் 4 அன்று கூல்ட் மறைந்தார். வயது 50.

நேயர்களே, முதலில் 1955-ஐக் கேளுங்கள். ஒரு நாள் விட்டு, வீடு அடங்கிய பிறகு 1981-ஐக் கேளுங்கள்.