கரிவரதனும் சிற்றெந்திர வண்டியும்

நானுஓயாவுக்கு அண்மையிலுள்ள ரதல்லவில் நிகழும் மலையேற்றக் காரோட்டப் போட்டியைக் கண்டோர் நம்மிடையே பலர். அங்கு வண்டிகள் ஒன்றையொன்று முந்துவதில்லை. ஒவ்வொன்றும் தனித்தே ஏறிக் கடிகாரத்தோடு போட்டியிடும். வென்றது சாரதியின் திறமையோ, வண்டியின் விலையோ என்னும் ஐயம் காண்போர்க்கு எழுதல் இயல்பே. அவ்வையத்திற்கு வண்டி சமைத்தே விடை கூற முற்பட்டவர் கோயம்புத்தூர் கரிவரதன்.

பந்தய வேகத்தில் ஓட்டவும் வல்ல பொறியியலாளர் அரியர். ஜெர்மனியில் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்து ருடோல்ஃப் ஊலன்ஹவுட் 1936இல் நூர்பர்க்ரிங் களத்தில் பந்தய வண்டியைத் தாமே ஓட்டிப் பார்த்தார். விற்கள் இறுகி நிற்க, அடிச்சட்டம் வளைவதை உணர்ந்தார். சட்டத்தை உறுதியாக்கி, விற்களை இளக்கிய புதுவண்டி மறு ஆண்டே வெற்றிகளை ஈட்டிற்று. ஆயினும் ஊலன்ஹவுட் போட்டியில் இறங்கியவரல்லர். கரிவரதனோ சமைத்தவரும் போட்டியிட்டவரும் ஆவர்.

1954இல் லட்சுமி மில்ஸ் குடும்பத்திற் பிறந்த அவர், சென்னைக்கு அடுத்த சோழவரத்தில், உலகப் போர்க்கால விமானத்தளம் ஒன்றே பந்தயக் களமாயிருந்த நாட்களில் வண்டியோட்டினார். வெளிநாட்டு வண்டிகள் இந்தியாவில் எளிதிற் கிட்டாத காலம் அது. கிட்டியவர்க்கே களம் என்னும் நிலையை அவர் ஏற்கவில்லை. 1980களின் பிற்பகுதியில் மாருதி 800 என்னும் சிறு குடும்ப வண்டியின் 796 கன சென்ரிமீற்றர் எந்திரத்தை எடுத்துச் சாரதியின் முதுகுப்புறம் பொருத்தி, திறந்த சில்லுகளுடைய ஓரிருக்கை வண்டி ஒன்றைச் செய்தார். ஃபார்முலா மாருதி என்பது அதன் பெயர்.

நாற்பது குதிரைவலுவையும் எட்டாத சாலை எந்திரத்தைக் கொண்டு பந்தயமா என நகைப்போர் இருக்கலாம். சிறப்பே அதிற்றான் உளது என்பது எம் கருத்து. பேரெந்திரமுடையவன் வளைவில் இழந்த வேகத்தை நேர்பாதையில் மிதித்து மீட்டுக்கொள்வான். சிற்றெந்திரமுடையவனுக்கு அவ்வாய்ப்பில்லை, இழந்தது இழந்ததே. ஆதலின் தடையை எங்கு விடுவது, வளைவுக்குள் எக்கோட்டிற் புகுவது என்பவற்றை அவன் கற்றே தீரவேண்டும். எல்லார்க்கும் ஒரே எந்திரம் ஆதலால் குறையை வண்டிமேற் சுமத்தவும் இயலாது. உதிரிப் பாகங்களோ ஊர்தோறும் கிடைப்பவை.

1995இல் சிறு விமான விபத்தொன்றில், தம் நாற்பத்தொன்றாம் அகவையில், கரிவரதன் மறைந்தார். கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்துப் பந்தயக் களம் அவர் பெயர் தாங்கியது. ஃபார்முலா மாருதியில் தொடங்கிய அவ்வூர் இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005இல் ஜோர்டான் அணியிற் சேர்ந்து, ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார்.