கழுத்தில் கட்டியா? சும்மா விடாதீங்க!

மாமல்லபுரம் கடலோரக் குப்பங்களில் நம்மில் பலர் வெற்றிலையோடு புகையிலை போடுகிறோம். கழுத்தில் நெறி கட்டினால் "தானா கரையும்" என்று சுண்ணாம்பு தடவி விடுகிறோம்.

சளி, பல்வலியால் வந்த நெறி பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரத்தில் வற்றிவிடும். வற்றாமல், வலியில்லாமல், கல் போல வளர்ந்தால் உஷாராகணும். காசநோயாக இருக்கலாம். வாய், தொண்டை, தைராய்டில் உள்ள புற்றுநோய் பரவியதாகவும் இருக்கலாம்.

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போவோம். வாயையும் தொண்டையையும் பார்த்து, கட்டியிலிருந்து மெல்லிய ஊசியால் துளி எடுத்துச் சோதிப்பார்கள். ஊசி குத்தினால் நோய் பரவும் என்பது வீண் பயம். கட்டியை மட்டும் வெட்டி எடுத்தால் போதாது. நோய் எங்கே தொடங்கியது என்று தெரிந்தால்தான் சரியான வைத்தியம் கிடைக்கும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் எல்லோரும் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வோமா?