பெங்களூரிலிருந்து புறப்பட்ட புகைப்படக்காரர்

நம்மவர் பலர் குடியேறி வாழும் பெங்களூரில், 1850-களிலேயே சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராய்ப் பணியாற்றியவர் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி. 1854-இல் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படமெடுத்தவர் அவர். மெழுகிட்ட காகிதமே பெரும்பாலும் அவருடைய நெகடிவ். ஒளி பதிய நெடுநேரம் பிடித்தமையால், அசையும் மனிதர் அவர் படங்களில் அருகியே காணப்படுவர். அசையாத கல்லோ நுட்பமாய்த் துலங்கிற்று.

1857 டிசம்பரில் பெங்களூரை விட்டுப் புறப்பட்டவர், ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை கண்டு தஞ்சை அடைந்தார். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத் தமிழ்க் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, 19 அடி நீளத் தொடர்படமாக இணைத்தார். கல்வெட்டறிஞருக்கு வேறென்ன வேண்டும்? 1859-இல் பதவியேற்ற ஆளுநர் டிரெவெல்யனோ, இது ஆடம்பரச் செலவெனக் கருதி அப்பணியை நிறுத்திவிட்டார். டிரைப் படைப்பணிக்கே திரும்பினார்.