பிடித்த பாம்பைத் திருப்பி விடுகிறவர்கள்

புதுவாயல் கூட்டுரோட்டில் நின்றால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகும் லாரிகள்தான் கண்ணில் படும். இதே வட்டாரத்தில் இருளர் பழங்குடிக் குடும்பங்களும் வாழ்கின்றன. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் இவர்கள் சுமார் 1.9 லட்சம் பேர். நீலகிரி இருளர் மொழியை மொழியியலாளர் கமில் சுவலபில் ஆராய்ந்து நூலாகவே எழுதினார். சமவெளி இருளர் பேசுவது பெரும்பாலும் தமிழ். தொழில் படிப்பெல்லாம் வரப்பில்தான்.

அறுவடை முடிந்த வயலில் எலி வளைக்குப் பல வாசல் இருக்கும். இருளர் ஒன்றை விட்டு மற்றவற்றை மண்ணால் அடைப்பார்கள். அடியில் ஓட்டை போட்ட பானையில் வைக்கோலைத் திணித்துக் கொளுத்தி, வாயை வளையோடு பொருத்தி, ஓட்டை வழியே ஊதுவார்கள். புகையில் மயங்கிய எலி கறிக்கு ஆகும். அது பதுக்கிய நெல் கஞ்சிக்கு ஆகும். நிலத்துக்காரருக்கோ மருந்துச் செலவு மிச்சம்.

தோலுக்காகப் பாம்பு பிடித்து வந்த இவர்களின் பிழைப்பு, 1970களில் பாம்புத்தோல் வணிகத்துக்குத் தடை வந்தபோது போயிற்று. 1978இல் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் துணையோடு, மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து வந்து மண்பானையில் சில வாரம் வைக்கிறார்கள். விஷம் எடுத்த பின், வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்குப் பெருமளவு விஷம் இங்கிருந்துதான் போகிறது. சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் புளோரிடா போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள்; 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள்.

இப்படித் திருப்பி விடுவது இங்கே மட்டுமல்ல. வட அமெரிக்கப் பேரேரிகளைச் சுற்றி வாழும் அனிஷினாபே மக்களும் ஓடத்தில் போய்க் காட்டு நெல்லைக் குச்சியால் தட்டி எடுக்கும்போது, ஒரு பங்கு தண்ணீரில் விழட்டும் என்று விடுகிறார்கள். அடுத்த ஆண்டு விதை அதுதான். நல்வாழ்வு என்று அவர்கள் சொல்வதில் ஏரியும் மீனும் சேர்த்தி. மாசிமகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கூடி, கன்னியம்மனைக் கும்பிட்டு, அங்கேயே கல்யாணமும் முடிக்கும் இருளரிடம் இதைச் சொன்னால் ஆச்சரியப்பட மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

ஆனால் ஏரிப்புறம்போக்கில் குடிசை போட்ட இருளருக்குப் பட்டா எளிதில் வருவதில்லை. கொத்தடிமை முறையை ஒழித்து 1976இல் சட்டம் வந்த பிறகும், திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணக் கடனில் சிக்கிய இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்டிருக்கிறார்கள். பிள்ளையின் படிப்புச் சலுகைக்குப் பழங்குடிச் சான்று வேண்டும். அதற்குக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். நடக்கிற ஒவ்வொரு நாளும் கூலி போகிறது.